சனிக்கிழமைகளின் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு, இரு நாட்டுச் சொத்துக் கணக்கு ஆகியவற்றைப் பற்றித்தான் இந்தப் பகுதியில் மாதந்தோறும் எழுதி வருகிறேன். சென்ற இதழில் ஆசிரியர் குழுவினர் என்னைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றைச் சேர்த்து, அதன் கடைசியில், ‘ஓய்வு நேர விருப்பங்கள்: பயணம், கல்லூரிக் கால்பந்து, இயற்கைப் பாதுகாப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள். வருமான வரியைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒற்றை வரியைப் பற்றி வந்தவை அதிகம். ஆகவே இம்மாதம் வருமான வரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அந்தக் கடிதங்களுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): கால்பந்து என்றால் உலகக் கோப்பை, மெஸ்ஸி என்றல்லவா பேச வேண்டும்? கல்லூரி மாணவர்கள் ஆடுவதை யார் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்?

பதில்: நீங்கள் சொல்லும் ஆட்டத்துக்கு இங்கே ‘சாக்கர்’ என்று பெயர். அமெரிக்கர் ‘ஃபுட்பால்’ என்று அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. இரு முனையும் கூம்பிய பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனுக்கு எறிவதும், அவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதுமே பெரும்பாலான வேலை. களத்தின் நீளம் 100 கெஜம்; பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சடுகுடுவை வைத்துத்தான் விளக்குவது வழக்கம். எதிரி மண்ணில் எவ்வளவு தூரம் போனாய், யார் கையில் மாட்டினாய் என்பதுதான் இரண்டிலும் கணக்கு. மூச்சை அடக்கிப் பாடுவது மட்டும் இங்கே இல்லை.

யார் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மக்கள்தொகையே ஏறத்தாழ 1,20,000தான். அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் ஆடும் எந்த அரங்கிலும் இத்தனை இருக்கைகள் கிடையாது. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகள் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் மோதியதையே முதல் ஆட்டமாகக் கொள்கிறார்கள். தொழில்முறைச் சங்கம் தோன்றியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. இன்றைக்கும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சனிக்கிழமை கல்லூரிகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை அணிகளுக்கு என்ற பங்கீடு இருக்கிறது. அதற்குப் பின்னால் 1961இல் இயற்றப்பட்ட ஒளிபரப்புச் சட்டம் ஒன்றும் இருக்கிறது என்பதைக் கணக்காளன் என்ற முறையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர், கல்லூரி மாணவி): மூன்று விருப்பங்களுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையே, ஐயா?

பதில்: நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு 1905ஆம் ஆண்டைப் பற்றிப் படித்தேன். அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்து ஏறத்தாழத் தெருச் சண்டை. அந்த ஒரு பருவத்தில் மட்டும் இருபதுக்குச் சற்றுக் குறைவான இளைஞர்கள் ஆட்டத்தில் அடிபட்டு இறந்ததாக அன்றைய நாளேடுகள் கணக்கிட்டன. ஆட்டத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட். அடுத்த மாதமே ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடிய அவருடைய மகனுக்கு மூக்கு உடைந்தது. 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறியது. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் சங்கம் ஒன்றும் அதே ஆண்டில் உருவாயிற்று; என்சிஏஏ என்று இன்று எல்லோரும் அறிந்திருப்பது அதுதான்.

அதே ரூஸ்வெல்ட்தான் அதே 1905இல் அமெரிக்க வனத்துறையை நிறுவியவர். தொப்பியில் செருகும் இறகுகளுக்காகக் கொக்குகளும் நாரைகளும் கொன்று குவிக்கப்பட்ட காலத்தில், 1903இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கான முதல் மத்திய அரசுக் காப்பகமாக அறிவித்தவரும் அவரே. பதவிக் காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் பொது நிலத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார். ஆட்டமோ காடோ, விதி இல்லாமல் விட்டால் வலுத்தவன் எல்லாவற்றையும் மிதித்துவிடுவான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது என்று நான் எண்ணுகிறேன். இந்தக் கருத்துக்கு ஆதாரம் கேட்காதீர்கள். இது என் ஊகம்.

கேள்வி (ஹூஸ்டன், வங்கி ஊழியர்): எனக்கு ஆண்டு முழுவதும் காலாண்டு முடிவுதான். உங்களுக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

பதில்: வருவதில்லை. கூட்டு நிறுவனங்களின் நீட்டிக்கப்பட்ட வரிக் கணக்குக்குக் கடைசி நாள் செப்டம்பர் 15, தனிநபருக்கு அக்டோபர் 15. கால்பந்துப் பருவத்தின் சிறந்த நான்கு வாரங்கள் அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே நசுங்கிவிடுகின்றன. எனவே ஆண்டுக்கு இரண்டே ஆட்டங்களுக்கு நேரில் போவேன். மற்றவற்றை அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டே வானொலியில் கேட்பேன். காதுக்கு ஆட்டம், கண்ணுக்குக் கணக்கு என்ற பங்கீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு முறை, ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஒருவருடைய தேய்மானத் தொகையை இரண்டு தடவை கழித்துவிட்டேன். திங்கட்கிழமை கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டேன்.

கேள்வி (சார்லட், மென்பொருள் பொறியாளர்): அக்டோபரில் என் பெற்றோர் வருகிறார்கள். ஒரு ஆட்டத்தையும் ஒரு காட்டையும் ஒரே வார இறுதியில் காட்ட முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லுக்குப் போங்கள். அங்குள்ள நெய்லண்ட் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். டென்னசி ஆற்றை ஒட்டியே இருப்பதால் ரசிகர்கள் படகுகளில் வந்து கரையில் கட்டிவைத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போகிற வழக்கம் 1960களிலிருந்து இருக்கிறது. உள்ளே 12 அங்குலத்துக்கு மேற்படாத, ஒளி ஊடுருவும் நெகிழிப் பையை மட்டுமே கொண்டுபோகலாம். அம்மாவின் கைப்பையைக் காரிலேயே பூட்டிவிடுங்கள். சாப்பாடும் வெளியேதான். காரின் பின்கதவைத் திறந்துவைத்து வாகன நிறுத்துமிடத்திலேயே குடும்பத்தோடு உண்டு களிப்பதற்கு ‘டெயில்கேட்’ என்று பெயர், பலருக்கு ஆட்டத்தைவிட அதுதான் முக்கியம்.

என் பெற்றோர் வந்த ஆண்டில் நாங்கள் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்ததும், பக்கத்துக் காரின் பெரியவர் ஒருவர் ஆவி பறக்கும் காகிதப் பையை நீட்டினார். உள்ளே தோலோடு உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் நெடுஞ்சாலை ஓரங்களில் அதைப் பெரிய அண்டாக்களில் அவித்து விற்பார்கள். “இதற்கா பதினாறு மணி நேரம் பறந்து வந்தோம்?” என்று அம்மா கேட்டாலும், பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரியவர் புளியோதரையை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் முக்கால் மணி நேரம் அவருக்கு ஆட்டத்தில் எதுவும் பிடிபடவில்லை. பந்து 10 கெஜத்தைத் தாண்டியதா இல்லையா என்ற ஐயம் வந்தபோது, ஓரத்தில் நின்றவர்கள் இரு கோல்களுக்கு இடையே கட்டிய சங்கிலியைக் களத்துக்குள் எடுத்து வந்து, இழுத்துப் பிடித்து அளந்தார்கள். ஒரு லட்சம் பேர் மூச்சு விடாமல் அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். “எங்கள் சங்கிலி 22 கெஜம், 100 கண்ணி. நாங்கள் வெயிலில் இழுத்தபோது வேடிக்கை பார்க்க ஒரு ஆடுகூட வரவில்லை” என்றார். அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை சங்கிலி வரும்போதெல்லாம் அவரே எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் கிளம்புங்கள். கேட்லின்பர்க் வழியாகக் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, 5,046 அடி உயரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட் கணவாயைக் கடந்து இறங்கினால், வட கரோலினா பக்கத்தில் ஓகோனலஃப்டீ என்ற புல்வெளி வரும். மொத்தம் இரண்டு மணி நேரப் பயணம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் மட்டும் நாளொன்றுக்கு 5 டாலர் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் புல்வெளிக்கு எல்க் என்னும் மான்கள் மேய வரும். நம் கடமானின் உறவினம்தான், ஆனால் அதைவிடப் பெரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த மலைகளில் வேட்டையால் அற்றுப்போன இந்த மானை, 2001லும் 2002லும் வேறிடங்களிலிருந்து 52 தலைகளாகக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றிருப்பவை அவற்றின் வழித்தோன்றல்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கிடாக்கள் பெண்மான்களைக் கூட்டிச் சேர்க்கும் பருவம். அப்போது அவை எழுப்பும் ஒலி புல்லாங்குழலில் தொடங்கிக் கழுதையின் கனைப்பில் முடியும். முதல் தடவை கேட்பவர்கள் மான்தான் கத்தியது என்று நம்ப மாட்டார்கள்.

எல்க் மானுக்கும் கரடிக்கும் 50 கெஜத்துக்குள் நெருங்குவது அந்தப் பூங்காவில் சட்டப்படி குற்றம். முந்தின நாள் பார்த்த களத்தில் சரிபாதி என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பனி விலகுவதற்குள் ஒரு கிடா எங்களை நோக்கி மேய்ந்துகொண்டே வந்தது. கைப்பேசியை உயர்த்திக்கொண்டு சிலர் முன்னே நகர்ந்தார்கள். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “இது நாற்பது கெஜம்தான், பின்னால் வா” என்றார். அடுத்த நொடியில் தன்னார்வலர் ஒருவரும் கையைக் காட்டி எல்லோரையும் பின்னுக்குப் போகச் சொன்னார். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் விரலுக்குப் பின்னால் மிருகம் முழுவதும் மறைய வேண்டும், மறையாவிட்டால் நாம் மிக அருகில் இருக்கிறோம் என்று அவர் சொல்லிக் கொடுத்த அளவை இப்போது என் பிள்ளைகளும் பயன்படுத்துகிறார்கள். அப்பாவுக்கு விரல் தேவைப்படவில்லை.

கணவாயில் ஒரு கல் மேடை இருக்கும், அதிலும் சற்று நில்லுங்கள். மேற்கில் பல பூங்காக்கள் அரசு நிலத்தில் கோடு கிழித்து அறிவிக்கப்பட்டவை. இந்தப் பூங்காவோ மர வியாபாரக் கம்பெனிகளிடமும் நூற்றுக்கணக்கான குடியானவர்களிடமும் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிச் சேர்க்கப்பட்டது. ராக்ஃபெல்லர் குடும்பத்து அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது; மீதியை இரு மாநில அரசுகளும் பொதுமக்களும் திரட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகூடக் கொடுத்தார்கள். 1934இல் பூங்கா நிறுவப்பட்டது. நிலத்தை இழந்த குடும்பங்களின் மனக்குறை இன்றும் அந்தப் பள்ளத்தாக்குகளில் பேசப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி (சிகாகோ வாசகி): வடக்கே இருக்கும் எங்களுக்கு?

பதில்: விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன். சனிக்கிழமை அங்கே ஆட்டம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பாராபூ. உலகிலுள்ள 15 வகைக் கொக்குகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பேணும் பன்னாட்டுக் கொக்கு அறக்கட்டளை 1973 முதல் அங்கே இயங்குகிறது. வட இந்திய வயல்களில் நிற்கும் சாரசக் கொக்கையும் அங்கே காணலாம். மேடிசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, வனவிலங்கு மேலாண்மையை ஒரு படிப்பாக நிலைநிறுத்திய ஆல்டோ லியோபோல்டின் மரக்குடிலும் பக்கத்தில்தான். நவம்பரில் விஸ்கான்சின் ஆற்று மணல்திட்டுகளில் மாலை நேரத்தில் மணற்குன்றுக் கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கம்பளிக் கையுறை அவசியம்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு கல்லூரியில் உயிருள்ள புலியையே அடையாளச் சின்னமாக வளர்க்கிறார்களாமே? இதுவா இயற்கைப் பாதுகாப்பு?

பதில்: இல்லை, அது வேறு. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1936 முதல் ‘மைக்’ என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாகப் புலிகளை வளர்த்து வருகிறது. கூண்டு வண்டியில் ஏற்றி அரங்கத்துக்குள் ஓட்டி வருவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2017இல் மீட்பு இல்லம் ஒன்றிலிருந்து வந்த ஏழாம் மைக்கை அவ்வாறு கொண்டுபோவதில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஆனால் 2024 நவம்பரில் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தின்போது, மாநில ஆளுநரின் முனைப்பில் புளோரிடாவிலிருந்து வேறொரு புலியைக் கூண்டோடு களத்துக்குக் கொண்டுவந்தார்கள். பல்லாயிரம் பேர் கூச்சலிடும் இடத்தில், வெள்ளை விளக்குகளுக்கு நடுவே, மூலையில் ஒடுங்கியிருந்த அந்த மிருகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஒலியை நிறுத்தினேன்.

மாறாக, ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்கு முன் கழுகு ஒன்று அரங்கத்தைச் சுற்றிப் பறந்து களத்தின் நடுவே இறங்கும். அந்தக் கழுகைப் பேணுவது அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மையம். காயம்பட்டு வரும் வேட்டைப் பறவைகளுக்கு மருத்துவம் செய்து, பறக்கக்கூடியவற்றை மறுபடியும் வெளியில் விடுவதே அதன் முதல் வேலை. இன்னொரு நல்ல செய்தி: கிளெம்சன், ஆபர்ன், லூசியானா, மிசௌரி என்று புலிப் பெயர் தாங்கிய நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, காட்டுப் புலிகளைக் காக்க ஒரு கூட்டமைப்பை வைத்திருக்கின்றன. சட்டையில் புலியை அச்சிட்டு விற்பவர்கள் புலிக்கு ஏதாவது செய்யக் கடன்பட்டவர்கள்தானே!

கேள்வி (சென்னை, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி): நாள் முழுவதும் பணத்தைப் பெருக்குகிற தொழிலில் இருந்துவிட்டு, வார இறுதியில் காட்டைக் காக்கிறோம் என்பது, உண்டியலில் காசு போட்டுப் பாவத்தைக் கழிப்பது போல இல்லையா?

பதில்: சில இடங்களில் அப்படியேதான். ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹென்றி பால்சன் என்ற பெயர் 2008 நெருக்கடியின்போது அமெரிக்க நிதி அமைச்சராக 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் என்ற வகையில் உங்களுக்கு நினைவிருக்கும். 1960களில் டார்ட்மத் கல்லூரி அணியின் முன்வரிசையில், பந்து வைத்திருப்பவனுக்கு அரணாக நின்று மோதும் இடத்தில் ஆடியவர் அவர். அந்த இடத்தில் ஆடுகிறவன் பந்தைத் தொடுவதே அரிது. அவனுடைய பெயரை வர்ணனையாளர் சொல்வது பெரும்பாலும் அவன் தவறு செய்யும்போதுதான். தணிக்கையாளர்களுக்கு இது பழக்கமான நிலைமை! பிற்காலத்தில் பறவை நோக்குவதில் தீராத ஆர்வம் கொண்டவராகவும், நேச்சர் கன்சர்வன்சி என்ற பெரிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வாரியத் தலைவராகவும் இருந்தார்.

அவர் கோல்ட்மன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் தலைவராக இருந்த காலத்தில் நடந்தது இது. தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டின் தீயெரா டெல் ஃபுவேகோ தீவில், லெங்கா என்னும் மரங்கள் அடர்ந்த காட்டை வெட்டி விற்க ஒரு அமெரிக்க மரக் கம்பெனி திட்டமிட்டு, கடன் வாங்கி, நொடித்துப்போயிற்று. அந்த வாராக் கடன் பத்திரங்களை 2002இல் மொத்தமாக வாங்கிய கட்டில், பிணையாக 6,80,000 ஏக்கர் நிலமும் கோல்ட்மன் சாக்ஸின் கைக்கு வந்தது. வங்கியில் இருந்த உங்களுக்குத் தெரியும், அடமானச் சொத்து கைக்கு வந்தால் முதல் வேலை ஏலம். இங்கே அதற்குப் பதிலாக 2004இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்திடம் நிலம் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். அந்த மண்ணின் பழங்குடியான செல்க்நாம் மக்களின் மொழியில் ‘நம் நிலம்’ என்று பொருள்படும் கருகின்கா என்ற பெயரில் அது இன்று இயற்கைப் பூங்காவாக இருக்கிறது. குவானக்கோ என்னும் ஒட்டகக் குடும்பத்து விலங்கும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரியமிலத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கரிச்சதுப்புகளும் அங்கே உள்ளன. பங்குதாரர்களின் சொத்தைத் தலைவரின் விருப்பத்துக்குத் தாரை வார்த்துவிட்டார்கள் என்று பங்குதாரர் சிலர் அப்போதே குறை கூறினார்கள். அது நியாயமான கேள்வி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏலம் நடந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியவர் இன்னொரு மரக் கம்பெனிதான்.

நீங்கள் சொல்லும் ‘உண்டியல்’ வகைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரத்துக்கு இங்கே ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்பார்கள். விட்டுக்கொடுத்த உரிமையின் மதிப்புக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும். அருமையான ஏற்பாடு. இதை வைத்து ஒரு கூட்டம் என்ன செய்தது தெரியுமா? மலிவு நிலத்தைப் பலர் சேர்ந்து வாங்கி, ஊதிப் பெருக்கிய மதிப்பீட்டை வைத்து, போட்ட பணத்தின் பல மடங்கைக் கழிவாகக் கேட்டது. என் வாடிக்கையாளர் ஒருவரும் பளபளப்பான கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டையில் மான் படம் இருந்தது, உள்ளே நான்கு பக்கமும் வரிக் கழிவைப் பற்றியே இருந்தது, அந்த நிலத்தில் என்ன மரம், என்ன பறவை என்று ஒரு வரிகூட இல்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். 2022 டிசம்பரில் வந்த சட்டம், போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் போனால் பொதுவாக இத்தகைய கூட்டுகளுக்குக் கழிவே கிடையாது என்று கதவைச் சாத்தியது.

ஆகவே என் கருத்து இது: நிதித் துறையினர் வார இறுதியில் மரக்கன்று நடுவதைவிட, தமக்குத் தெரிந்த வேலையைக் காட்டுக்காகச் செய்வது நல்லது. 2023இல் ஈக்வடார் நாட்டின் 160 கோடி டாலர் முகமதிப்புள்ள கடன் பத்திரங்களை ஏறத்தாழ 64 கோடிக்குத் திரும்ப வாங்கி, மிச்சமான தொகையின் ஒரு பகுதியைக் கலாபகஸ் தீவுக் கடலைக் காக்க ஒதுக்கும்படி ஓர் ஏற்பாடு நடந்தது. அந்தத் தள்ளுபடி யாருடைய தருமமும் அல்ல, சந்தையில் அந்தப் பத்திரம் ஏற்கெனவே அந்த விலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலை நமக்கு வரும்.

கேள்வி (டொரன்டோ வாசகர்): விமானம் ஏறி ஆட்டம் பார்க்கப் போய்விட்டு இயற்கையைக் காப்பதாகப் பேசுவது முரண்பாடாக இல்லையா?

பதில்: முரண்பாடுதான். ஆட்டத்துக்காக விமானம் ஏறுவதில்லை என்பது என் விதி. அட்லாண்டாவிலிருந்து ஒரு தடவை நிரப்பிய பெட்ரோலில் போய்ச் சேரக்கூடிய அரங்கங்களே எனக்குப் போதும். அணிகளோ எதிர்த் திசையில் போகின்றன. பருவம் முழுவதும் தமக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் குழுவுக்கு இங்கே ‘கூட்டமைப்பு’ என்று பெயர்; தொலைக்காட்சிப் பணத்துக்காகக் கல்லூரிகள் கூட்டமைப்பு மாறியதில், 2024 முதல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்டு ‘அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில்’ ஆடுகிறது. பசிபிக் கரையில் இருக்கும் கல்லூரி! கால்பந்து வீரர்கள் பருவத்துக்குச் சில தடவைதான் பறக்கிறார்கள். அதே கூட்டமைப்பில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் பிற விளையாட்டு மாணவர்கள் வகுப்பையும் தூக்கத்தையும் விட்டுக் கண்டத்தைக் குறுக்கே கடக்கிறார்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): பருவச் சீட்டு வாங்குவதற்காகக் கல்லூரிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டா? வீரர்களுக்கு அதில் பங்கு உண்டா?

பதில்: கடைசியில் ஒரு வரிக் கேள்வி வந்துவிட்டது. இருக்கை வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கும் நன்கொடையில் 80 விழுக்காட்டைக் கழிக்கலாம் என்ற சலுகை 2017ஆம் ஆண்டு வரிச் சட்டத்தோடு போய்விட்டது. 2018 முதல் ஒரு காசும் கழிக்க முடியாது. வீரர்களைப் பொறுத்தவரை, தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க 2021இல் அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, கல்லூரிகளே முதலாண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தம் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். பதினெட்டு வயதுப் பையன் கைக்கு வரும் அந்தப் பணத்துக்குச் சுயதொழில் வரி உட்படக் கணக்குக் கட்ட வேண்டியிருப்பதால், என் தொழிலுக்கு ஆள் தேவை கூடியிருக்கிறது.

கேள்வி (டாலஸ் வாசகி): பெரிய நன்கொடை தர வசதியில்லாதவர்கள் என்ன செய்யலாம்?

பதில்: அஞ்சலகத்தில் 25 டாலருக்கு ‘வாத்து முத்திரை’ ஒன்றை வாங்குங்கள். நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்று 1934இல் ஒரு டாலர் விலையில் தொடங்கிய முத்திரை இது, வேட்டையாடாதவர்களும் வாங்கலாம். ஒவ்வொரு டாலரிலும் 98 காசு ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. நிர்வாகச் செலவு இவ்வளவு குறைவான கணக்கை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்கு அதுவே ஆண்டுச் சீட்டும் ஆகும்.

கணக்குத் தெரிந்தவராக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று நிச்சயம் இருக்கும். அதற்குப் பொருளாளர் நிச்சயம் தேவைப்படுவார். நான் ஒரு சிறிய அறக்கட்டளையில் அந்தப் பொறுப்பில் இருக்கிறேன். முன்பே சொன்ன உரிமைப் பத்திரம் எழுதிய ஒவ்வொரு நிலத்துக்கும் ஆண்டுக்கொரு முறை யாராவது நேரில் போய், எல்லை முழுவதும் நடந்து, படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். யாராவது மீறிக் கட்டினால் வழக்காட நிதி இருப்பு வைத்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு அப்படி எல்லையைச் சுற்றி நடந்து பார்த்தபோது ஓடைக்கரையில் எல்லைக்கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. படம் எடுத்து முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினேன். பத்திரத்தில் இருக்கும் அளவுகளைக் கேட்டு வாங்கி, கல் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினார். உள்ளூர் சர்வேயர் வந்து அளந்தபோது வித்தியாசம் ஓரடிக்கும் குறைவு.

கேள்வி (அட்லாண்டா வாசகர், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்): எல்லாம் சரி, நீங்கள் ஜார்ஜியாவா, ஜார்ஜியா டெக்கா?

பதில்: 1893 முதல் மோதிவரும் இரண்டு அணிகள், எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒரு கொடி. எந்தக் கல்லூரியின் கட்டண ரசீது என் மகள் பெயரில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறதோ, அதுதான் என் அணி. எது என்று அச்சில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வாங்கிப்போன புல்வெட்டும் இயந்திரத்தைத் திருப்பித் தர மாட்டார்.